நூற்றைம்பது மில்லிமீட்டர்

ரோவல் சாலையில் ஒரு கடைவீடு.
கீழே கைப்பேசிக் கடை, மேலே கிடங்கு.
கிடங்கைத் துணைப்பாட நிலையமாக்க வேண்டுமென்று
எங்களிடம் வந்தார் நஜ்முதீன்,
நாற்பது நாற்காலிகளை
முன்பே வாங்கி வைத்துவிட்டு.

நான் வரைபவள்.
கட்டடக் கலைஞரின் முத்திரைக்குக் கீழே
எறும்பு அளவில் இருக்கும் செ.ம. நான்தான்.

எங்கள் அலுவலகத்தில்
ஆணையங்களின் முழுப்பெயர் சொல்ல
யாருக்கும் நேரமில்லை.
"தண்ணீர் கையெழுத்துப் போட்டாச்சா?"
"தீ இன்னும் பதில் தரலை."
"நிலம் கேட்ட கட்டணம் கட்டியாச்சு."
காற்றோட்டத்துக்கு ஒரு படிவம்.
உயரக் கட்டடம் என்றால்
விமானம் போகும் வழி பார்த்து
ஆகாயத்துக்கும் ஒரு கடிதம்.
ஐம்பூதங்களும் வாரநாட்களில்
எட்டரைக்குத் திறந்து
ஐந்தரைக்கு மூடுகின்றன.
ஆறாவதாக ஒன்று உண்டு எங்களுக்கு:
மரபு.

படியில் வந்து நின்றது விஷயம்.
மரப்படி. அகலம்
எண்ணூற்றைம்பது மில்லிமீட்டர்.
ஆயிரம் வேண்டும் என்றது தீ.
சுவரில் கை வைக்காதே என்றது மரபு.
இரண்டும் சரி.
புகையில் பிள்ளைகள் இறங்க வேண்டும், சரி.
எண்பது வருடச் சுவர் நிற்க வேண்டும், அதுவும் சரி.
நடுவில் நூற்றைம்பது.
கட்டைவிரலை மடக்கி, கையை
மேசைமேல் வைத்துப் பார்த்தேன்.
அவ்வளவுதான்.

திருத்தம் ஒன்று. திருத்தம் இரண்டு.
கைப்பிடியைச் சுவருக்குள் புதைத்தேன்.
மரபு மறுத்தது.
பின்பக்கம் இரும்புப்படி வைத்தேன்.
சந்து தன்னுடையது என்றது சாலை.
திருத்தம் ஐந்தில்
படியே இல்லாமல் ஒரு முறை வரைந்து
அனுப்பாமல் அழித்தேன்.

அந்த வாரத்தில் ஓர் இரவு
பெருந்திட்ட வரைபடத்தைத் திறந்தேன்.
ரோவல் சாலை எப்போதும்போல நீலம்.
விரல் தானாக மேற்கே நகர்ந்து
நாங்கள் குடியிருக்கும் புளோக்கில் நின்றது.
பெரிதாக்கினேன்.
நிறத்தை இங்கே எழுதப் போவதில்லை.
வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை.

கடைசியில் இருவரையும்
ஒரே நாளில் வரச் சொன்னோம்.
தீயிலிருந்து கோ செங் ஹுவாட்,
மரபிலிருந்து அஸ்லிண்டா.
ஆறு மாதம் ஒரே படியைப் பற்றி
எழுதிக்கொண்டிருந்தவர்கள்
அதற்குமுன் சந்தித்ததில்லை.
அவர் அளந்துகொண்டே ஏறினார்.
அவள் படமெடுத்துக்கொண்டே இறங்கினாள்.
ஒன்பதாம் படியில் முட்டிக்கொண்டார்கள்.

அவர் வயிற்றை உள்ளிழுத்தார்.
அவள் கோப்பை மார்போடு அணைத்தாள்.
முடியவில்லை.
"நீங்கள் போங்கள்" என்று இருவரும் பின்வாங்க
படி காலியாகிவிட்டது.
மறுபடி இருவரும் வந்தார்கள்.
யார் முதலில் சிரித்தது என்பது
கூட்டக் குறிப்பில் இல்லை.
நான்தான் குறிப்பெழுதினேன்.

அனுமதி வந்தது.
படி இருந்தபடியே இருக்கலாம்.
மேல்தளத்தில் நீர்த்தெளிப்பான், தீத்தடுப்புக் கதவு.
ஒரே நேரத்தில் பதினெட்டுப் பேர்,
ஆசிரியரையும் சேர்த்து.

நஜ்முதீன் மூன்று முறை வாசித்தார்.
"அப்போ இருபத்திரண்டு நாற்காலி?"
அதற்கு எந்தப் படிவமும் இல்லை.

கடைக்கு முன்னால்
ஐந்தடி நடைபாதையில் அடுக்கி வைத்தார்.
நான்காம் நாள் கடிதம் வந்தது:
பொதுவழிக்கு இடையூறு.
அனுப்பியவர்கள் என் பட்டியலிலேயே இல்லாதவர்கள்.
புதிதாக ஒரு பெயர் வைக்க வேண்டும்.

அடுக்கிலிருந்து ஒன்றை இழுத்துப் போட்டு
அதில் உட்கார்ந்துதான் வாசித்தேன்.
காய்கறிப் பையோடு ஒருவர்,
தள்ளுவண்டிக் குழந்தையோடு ஒருத்தி,
ஒதுங்கி, என்னைக் கடந்து போனார்கள்.
பழக்கதோஷம், அளவுநாடாவை எடுத்தேன்.
என் முழங்காலிலிருந்து தூண்வரை
தொள்ளாயிரத்துப் பத்து.

படியைவிட அகலம்.